நாலு பேர் என்ன சொல்வார்கள்? எழுதப்படாத விதிகள் நம்மை நடத்தும் விதம்

சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை முடிவான அன்று பேச்சு கால்மணி நேரம்கூட நீளவில்லை. "நாங்கள் எதுவும் கேட்கப் போவதில்லை. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். எல்லோர் முகத்திலும் நிம்மதி. அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பவுன் என்று எழுதி நேரே முப்பது என்று போட்டார். அதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார். அதற்குக் கீழே கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம், வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி.

"அவர்கள்தான் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே, சித்தப்பா?" என்றேன்.

அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கேட்டிருந்தால் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்கவில்லை, அதனால்தான் கூடவே செய்ய வேண்டியிருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

அதற்காக அவர் வாங்கிய கடன் அடைய ஆறு வருடம் ஆயிற்று. எனக்கு விளங்காத கணக்காகவே அது வெகுகாலம் இருந்தது. சட்டம் வரதட்சணை கூடாது என்கிறது. 1961-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. பெண் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு விருப்பமில்லை. பிறகு நாற்பது பவுனை யார்தான் கேட்டது?

இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் பொதுவாகச் சொல்லும் பதில், "அது நம் கலாச்சாரம்." அந்தப் பதில் எதையும் விளக்கவில்லை, கேள்வியை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். கலாச்சாரம் என்ற சொல்லை நாம் பட்டுப்புடவைக்கும் பொங்கலுக்கும் பரதநாட்டியத்துக்கும் வைத்திருக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரியும் பகுதி. நம் கையைப் பிடித்து நோட்டில் நாற்பது என்று எழுத வைக்கும் பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

மாடு வந்தான்

பேசப் பழகும் குழந்தை ஒன்று "மாடு வந்தான்" என்றால் வீடே சிரிக்கும். "வந்தது என்று சொல்லடா கண்ணா" என்று யாராவது திருத்துவார்கள். நாலு வயதாகும்போது அந்தக் குழந்தை அந்தத் தவற்றைச் செய்வதில்லை. உயர்திணை, அஃறிணை என்ற சொற்களே அதற்குத் தெரியாது. விதி தெரியாது, ஆனால் விதிப்படி பேசும்.

எழுதப்படாத சமூக விதிகளும் இப்படித்தான் உள்ளே வருகின்றன. அதே குழந்தை யாரை "நீ" என்பது, யாரை "நீங்கள்" என்பது என்பதையும் கற்றுக்கொள்கிறது. மளிகைக் கடைக்காரர் "நீங்கள்". மாடி வீட்டுத் தாத்தா "நீங்கள்". வீடு பெருக்க வரும் அறுபது வயது அம்மாளை மட்டும் ஐந்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி அழைத்து "நீ" என்கிறது. மாட்டுக்கு "வந்தான்" போட்டபோது திருத்தியவர்கள் இங்கே திருத்துவதில்லை. திருத்தாமல் விடுவதே பாடம். யாருக்கு எவ்வளவு மரியாதை என்ற பட்டியல், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலேயே அந்தப் பிள்ளைக்குள் இறங்கிவிடுகிறது.

வளர்ந்த பிறகு அதை விதி என்றே நாம் உணர்வதில்லை. இயல்பு என்று நினைக்கிறோம். மறைந்திருக்கும் பண்பாட்டு வடிவங்கள் என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான். யாரும் அவற்றை ஒளித்து வைக்கவில்லை. பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

துண்டு, சாலை, வாழை இலை

எல்லோரும் ஒரே மாதிரி செய்வதெல்லாம் ஒரே வகை அல்ல. இந்த இடத்தில்தான் பேச்சு பெரும்பாலும் குழம்புகிறது.

சித்திரை வெயிலில் வயலில் நிற்கும் எல்லோரும் தலையில் துண்டு போட்டிருப்பார்கள். ஒருவர் போடுவதற்கும் அடுத்தவர் போடுவதற்கும் தொடர்பில்லை; ஊரே போடாவிட்டாலும் அவர் போடுவார், ஏனென்றால் வெயில் அவர் தலையில் அடிக்கிறது. இது வெறும் பழக்கம்.

சாலையில் இடப்பக்கமாகப் போவது வேறு வகை. இடப்பக்கத்தில் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. எல்லோரும் அந்தப் பக்கம் போகிறார்கள், அதனால் நானும் போகிறேன். இதைப் பொது ஏற்பாடு என்போம். சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3 அன்று விடியற்காலையில் நாடு முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் மாறிய அன்று காலை, வேண்டாம் என்று வாக்களித்தவரும் வலப்பக்கம்தான் ஓட்டினார். எதிரே வருகிறவர் எந்தப் பக்கம் வருவார் என்பது தெரிந்த பிறகு, தனக்கு எது பிடிக்கும் என்பதற்கு அங்கே இடமேது?

மூன்றாவது வகை கல்யாணப் பந்தியில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தால் இலையை மேல்பாதி கீழே வரும்படி, தன்னை நோக்கி மூட வேண்டும். எதிர்ப்புறமாக மூடுவது துக்க வீட்டில் என்பது பல ஊர்களில் வழக்கம். கல்யாண வீட்டில் தெரியாமல் ஒருவர் எதிர்ப்புறமாக மூடிவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது, எதிரே வண்டி வந்து மோதிவிடாது. ஆனாலும் பக்கத்து இலைக்காரர் முகம் மாறும். வீட்டுக்காரர் மனதில் ஒரு முள் தைக்கும். விபத்தில்லாத இடத்திலும் பழி உண்டு என்பதுதான் இந்த வகையின் அடையாளம். இதற்குச் சமூக நெறி என்று பெயர்.

சமூக நெறி நம் மனதில் இரண்டு கணிப்புகளாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, மற்றவர்கள் இதைச் செய்கிறார்கள் என்ற கணிப்பு. மற்றொன்று, நானும் செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், செய்யாவிட்டால் முகம் சுளிப்பார்கள் என்ற கணிப்பு. இரண்டுமே பிறர் மனதைப் பற்றியவை. என் சொந்த விருப்பம் இரண்டிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சித்தப்பாவின் நோட்டில் நடந்தது இதுதான். அவர் கணக்குப் போட்டது பெண்ணின் தேவைக்கு அல்ல, மாப்பிள்ளை வீட்டின் கேள்விக்கும் அல்ல. "மற்றவர்கள் போடுகிறார்கள், நானும் போட வேண்டும் என்று நினைப்பார்கள்" என்ற இரண்டு கணிப்புகளுக்கு விடையாகத்தான் நாற்பது வந்தது.

இதுவரை வந்த தூரம் இவ்வளவு. நாம் செய்வதில் சில வெறும் பழக்கம், சில பொது ஏற்பாடு, சில சமூக நெறி. நெறி என்பது நம் விருப்பத்தின் மேல் நிற்கவில்லை. பிறரைப் பற்றிய நம் கணிப்பின் மேல் நிற்கிறது.

இங்கே குப்பை கொட்டாதீர்

அந்த இரண்டு கணிப்புகளும் சில சமயம் ஒன்றோடொன்று முட்டும். எங்கள் தெருமுனையில் "இங்கே குப்பை கொட்டாதீர்" என்று ஒரு பலகை இருக்கிறது. அதன் காலடியில்தான் தெருவிலேயே பெரிய குப்பைமேடு. பலகை "கொட்டக் கூடாது" என்கிறது. மேடு "எல்லோரும் கொட்டுகிறார்கள்" என்கிறது. பையோடு வருகிறவர் பலகையைப் படிக்கிறார், மேட்டை நம்புகிறார்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா உண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே தீராத தொல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பாதையோரத்தில் அடையாளமிட்ட துண்டுகளை வைத்து, இரண்டு விதமான அறிவிப்புகளைச் சோதித்தார்கள். எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவான துண்டுகளே காணாமல் போயின. முன்பு வந்த பலர் எடுத்துப் போனதால் பூங்கா பாழாகிறது என்று வருத்தத்தோடு சொன்ன பலகை இருந்தபோது ஏறக்குறைய 8 சதவீதம் போய்விட்டன. கண்டிக்க எழுதிய வாசகம், "எல்லோரும் எடுக்கிறார்கள்" என்ற செய்தியைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இந்தக் காலத்தில் லஞ்சம் வாங்காதவர் யார்?" என்று டீக்கடையில் கோபத்தோடு பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகை நினைவுக்கு வரும். அந்தப் பேச்சு லஞ்சத்தைக் கண்டிக்கிறது என்று நினைக்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அது கண்டனமாகவா போய்ச் சேர்கிறது?

நாலு பேர் யார்?

"நாலு பேர்" என்று நாம் சொல்லும்போது ஊர் உலகம் முழுவதையும் சொல்வதாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பட்டியல் மிகச் சிறியது. சித்தப்பாவைப் பொறுத்தவரை அது பெண்ணின் தாய்மாமன், இரண்டு பங்காளி வீடுகள், கூட வேலை பார்த்த ஒருவர், எதிர் வீட்டு அம்மாள். கோடி பேர் வாழும் மாநிலத்தில் அவர் கேட்க அஞ்சிய குரல்கள் பத்தைத் தாண்டாது. ஒருவர் எவருடைய கணிப்பைப் பொருட்படுத்துகிறாரோ அந்தச் சிறு வட்டத்துக்குச் சமூகவியலில் சார்புக் குழு என்று பெயர். சிங்கப்பூரில் இருபது வருடம் இருந்துவிட்ட ஒருவர் அங்குள்ள அண்டை வீட்டார் நினைப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், ஊரில் இருக்கும் அத்தை என்ன சொல்வார் என்று யோசித்து வீடு கட்டுகிறார். சார்புக் குழு ஆளோடு கூடவே பயணம் செய்கிறது.

இந்த அஞ்சுதலைக் கோழைத்தனம் என்று சொல்வோர் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "நாலு பேர்" என்ற சொல்லுக்கு நம்மிடையே இன்னொரு பொருளும் இருக்கிறது: பாடையைத் தூக்கும் நான்கு தோள்கள். பழி சொல்லும் அதே நாலு பேர்தான் நள்ளிரவில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார்கள், கைமாற்றுக்குப் பணம் தருகிறார்கள்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, விருந்து மட்டும்தான். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தல் போடுகிறார்கள். ஒருபுறம் கறிச்சோறு, மறுபுறம் வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் நோட்டுப் புத்தகம், பெயர் எழுத ஒருவர், பணம் வாங்க ஒருவர். இன்னார், இந்த ஊர், இவ்வளவு ரூபாய். லட்சக்கணக்கில் பணம் புரளும். கடன் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, நீதிமன்றம் கிடையாது. கொடுத்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். முடிந்தால் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஒருவருடைய முறை வரும். இத்தனை பணத்தையும் திரும்பக் கொண்டுவருவது "வாங்கித் தின்றுவிட்டுச் செய்யவில்லை" என்ற ஒரு சொல்லுக்கான அச்சம். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

சித்தப்பாவைக் கடனில் தள்ளிய அதே இயந்திரம்தான் இங்கே ஒருவரைக் கடனிலிருந்து தூக்கி விடுகிறது. சமூக நெறி என்பது அதனளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல.

மகளின் காலை ஒடித்த தாய்

இந்த இயந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட, சீனாவில் பாதம் கட்டும் வழக்கத்தைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

ஐந்தாறு வயதுப் பெண் குழந்தையின் கால்விரல்களில் பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் உள்ளங்காலுக்கு அடியில் மடித்து, நீளமான துணிப்பட்டையால் இறுகக் கட்டுவார்கள். நாளாக ஆக இறுக்கம் கூடும். விரல் எலும்புகள் முறியும், பாதத்தின் வளைவு ஒடுங்கிக் குதிகாலும் முன்பாதமும் நெருங்கி வரும். மூன்று அங்குலப் பாதம்தான் இலட்சியம். அதற்குப் பொற்றாமரை என்று அழகான பெயர் வேறு. புண் அழுகி இறந்த குழந்தைகளும் உண்டு. பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் தத்தித் தத்தி நடந்தார்கள். கட்டியவர் பெரும்பாலும் பெற்ற தாய். தன் காலில் அதே வலியைச் சுமந்தவள்.

அவளுக்கு மகள்மேல் அன்பில்லையா? அன்பினால்தான் கட்டினாள். கட்டாத காலோடு இருக்கும் பெண்ணுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைக்காது. ஊரில் எல்லோரும் கட்டும்போது தன் மகளுக்கு மட்டும் கட்டாமல் விட்டால், அந்த இரக்கத்துக்கான விலையை மகள்தான் கொடுக்க வேண்டும். எந்தத் தாயும் தனியாக விலக முடியாதபடி ஒவ்வொரு தாயையும் மற்றத் தாய்மார்கள் பிடித்து வைத்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட மஞ்சு இன அரசர்கள் தடை ஆணை போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை, 1668-ல் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பல நூற்றாண்டுகள் அசையாத வழக்கம் அது.

பிறகு ஒரு தலைமுறைக்குள் அது விழுந்தது. வடக்குச் சீனாவின் டிங்ஷியான் வட்டாரத்தில் 515 குடும்பங்களை வைத்து எடுத்த கணக்கில், 1890-க்கு முன் பிறந்த பெண்களில் ஏறக்குறைய 99 சதவீதம் பேருக்குக் கட்டிய பாதம். 1919-க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. முப்பதே ஆண்டுகள்!

காரணங்கள் பல. வெளியுலகத் தொடர்பு வந்தது, படித்தவர்கள் எழுதினார்கள், அரசு ஆணைகளும் வந்தன. வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்கும் சிறுமிகளின் உழைப்புக்கு ஆலைத் துணி வந்த பிறகு மதிப்புக் குறைந்ததும் ஒரு காரணம் என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பாத விடுதலைச் சங்கங்கள் கையாண்ட ஒரு முறை நம் கவனத்துக்குரியது. அந்தச் சங்கங்களில் சேர்கிற பெற்றோர் இரண்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். என் மகளுக்குப் பாதம் கட்ட மாட்டேன். கட்டிய பாதமுள்ள பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன்.

முதல் உறுதிமொழி மட்டும் இருந்திருந்தால் அது தியாகம். சேர்ந்தவருடைய மகள் மணமாகாமல் நிற்க வேண்டியதுதான். இரண்டாவது உறுதிமொழி அந்த மகளுக்கு மாப்பிள்ளை வீடுகளை உண்டாக்கிக் கொடுத்தது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தாலே அதற்குள் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். பத்து நூறானபோது வெளியே இருப்பதுதான் நட்டம் என்றாகிவிட்டது. தாயின் அன்பு முன்பு எந்த வழியில் பாதத்தைக் கட்ட வைத்ததோ, அதே வழியில் இப்போது அவிழ்க்க வைத்தது.

சுருக்கமாக: நெறி நாலு பேர் என்ற சிறு வட்டத்துக்குள் வாழ்கிறது. தனியாக அதிலிருந்து விலகுகிறவர் அடிபடுகிறார். வட்டமாகச் சேர்ந்து, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி விலகும்போது அடிப்பதற்கு ஆள் இருப்பதில்லை.

எல்லோரும் தப்புக் கணக்குப் போடும்போது

நெறி நிற்பது கணிப்பின் மேல் என்று பார்த்தோம். கணிப்பு தவறாகவும் இருக்கலாம் அல்லவா? ஊரில் பாதிப்பேருக்கு மேல் ஒரு வழக்கத்தை மனதுக்குள் வெறுத்துக்கொண்டே, "மற்றவர்களுக்கெல்லாம் இது பிடித்திருக்கிறது" என்று ஒவ்வொருவரும் நம்பி, ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு அதைச் செய்துகொண்டிருக்கலாம். ஒருவருடைய மௌனம் அடுத்தவருக்குச் சம்மதமாகத் தெரிகிறது. இதைக் கூட்டுப் பிழைக்கணிப்பு என்போம்.

சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மூன்று பொருளாதார அறிஞர்கள் திருமணமான இளம் ஆண்களை அழைத்து, பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்று பெயர் வெளிப்படாதபடி கேட்டார்கள். 87 சதவீதம் பேர் போகலாம் என்றார்கள். அங்கே கூடியிருக்கும் மற்றவர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மை எண்ணைச் சொன்னார்கள். மனைவிக்கு வேலை தேடித் தரும் சேவையில் பெயர் பதிவு செய்தவர்கள், எண் தெரியாதவர்களிடையே நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. தெரிந்தவர்களிடையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. யாருடைய மனதையும் யாரும் மாற்றவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மனதில் இருப்பதை மட்டும் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் பேரனுக்குக் காதுகுத்திய அன்று அவர் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்: "அத்தனை பவுனைப் பார்த்து அன்றைக்கே எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, சம்பந்தி. வேண்டாம் என்று அழுத்திச் சொன்னால் உங்கள் வீட்டை மட்டமாக நினைக்கிறோம் என்று எடுத்துக்கொள்வீர்களோ என்று பயந்துபோய்ச் சும்மா இருந்துவிட்டேன்." சித்தி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். "பத்தோடு நிறுத்தலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம், அண்ணா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மீதி முப்பது பவுனை இரண்டு வீட்டிலும் யாருமே விரும்பியிருக்கவில்லை.

எல்லாமே தப்புக் கணக்கு அல்ல

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கெட்ட வழக்கங்கள் எல்லாமே யாருக்கும் பிடிக்காமல் தவறுதலாக நிற்பவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டீக்கடையில் ஒரு சாதியாருக்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை முறை கூட்டுப் பிழைக்கணிப்பு அல்ல. தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950 முதல் சொல்லிக்கொண்டிருக்க, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் குவளைகள் தனித்தனி ஆணியில் தொங்கின என்றால், தொங்கவிட்டவர்களுக்கு அதில் ஆதாயம் இருந்தது. மீறியவர் வாங்கியது முகச்சுளிப்பு அல்ல, அடி. வேலை மறுப்பு. ஊர் விலக்கம்.

அங்கே உண்மை எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. வழக்குப் பதிவு வேண்டும், காவல் வேண்டும், அடிக்கிற கையைத் தடுக்கிற கை வேண்டும். நெறிகளைப் பற்றிப் பேசும் நல்ல கட்டுரைகள்கூட இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. எந்த நெறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதனால் யாருக்கு லாபம்? யாருக்குமே இல்லை என்றால் கணிப்பைத் திருத்தினால் போதும். யாருக்கோ இருக்கிறது என்றால் அது அதிகாரத்தோடு நடத்தும் போராட்டம்.

பத்து ஊர் நடந்த பெரியவர்

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டு மாலிகுண்டா பாம்பரா கிராமத்தார், பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்தைக் கைவிடுகிறோம் என்று 1997 ஜூலையில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்கள். தோஸ்தான் என்ற அமைப்பு அங்கே நடத்திய வகுப்புகளில் படித்த பெண்கள் முன்னின்று செய்தது அது. செய்தி பரவியபோது சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பும் கிளம்பியது. அப்போது கெர் சிம்பாரா என்ற ஊரின் இமாம் தெம்பா தியாவாரா ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஓர் ஊர் மட்டும் நிறுத்தினால் பயனில்லை. நாம் பெண் கொடுத்து பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து நிறுத்த வேண்டும். சொன்னதோடு நிற்கவில்லை. தன் உறவினர்கள் வாழும் பத்து ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் தியாபுகு என்ற ஊரில் பதின்மூன்று கிராமங்களின் சார்பாளர்கள் கூடி ஒன்றாக அறிவித்தார்கள். சார்புக் குழு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. தன் ஊரின் நாலு பேர் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களும் இப்படிப் பொதுவெளியில் வேர் பிடித்தவை. புரோகிதர் இல்லாமல், சபை நடுவே, பேச்சும் மாலையுமாக 1920-களின் இறுதியிலிருந்து நடந்த அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் இயற்றிய பிறகே கிடைத்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் சட்டத் துணையில்லாமலேயே மக்கள் செய்துகொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வந்திருந்த ஒவ்வொருவரும் மணமக்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. தன்னைப் போலவே கைதட்டிக்கொண்டிருந்த மற்றவர்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன தை மாதம் சித்தப்பாவின் மகனுக்கு நிச்சயதார்த்தம். இந்த முறை அவர் மாப்பிள்ளையின் அப்பா. லக்கினப் பத்திரிகை வாசித்து முடித்ததும் தட்டு மாற்றுவதற்கு முன் அவர் மைக்கை வாங்கினார். பேசிப் பழக்கமில்லாதவர், கை கொஞ்சம் நடுங்கியது. "பெண்ணுக்கு நகை எதுவும் வேண்டாம். செய்தீர்கள் என்றால் நான் வாங்க மாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் எத்தனை பவுன் என்று கேட்க மாட்டார்கள். அண்ணன் பிள்ளைகளுக்கும் இனி இப்படித்தான், கொடுப்பதும் இல்லை வாங்குவதும் இல்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தட்டு மாற்றினார்கள்.

பந்தியில் என் பக்கத்தில் பெண்ணின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பாயசம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து மெல்லக் கேட்டார்: "எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், தம்பி. மூத்தவளை வைகாசியில் பார்க்க வருகிறார்கள். உங்கள் சித்தப்பாவை அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் வந்து இதைச் சொல்லச் சொல்வீர்களா?"